ஓரத்தைப் பாருங்க

வியாழக்கிழமை மாலை நாலு ஐம்பத்திரண்டுக்கு அது தொடங்கியது. நேரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. டிவிக்கு மேலே மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துத்தான் குக்கரை எப்போது இறக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

டிவியில் கேபிள் அக்காவின் குரல் போய்க்கொண்டிருந்தது. தினமும் நாலு மணிக்கு எங்கள் பஜாரின் கேபிள் சேனலில் இரண்டாம் உலகப் போர் வரும். போர்க்காலத்தில் எடுத்த படச்சுருள்களைத் தேடிச் சேர்த்து, வெளிநாட்டு டிவிக்காரர்கள் தொகுத்த பழைய தொடர் அது. இங்கிலீஷ் பேச்சுக்குப் பதிலாக, கேபிள் நடத்திய அந்த அக்கா தன் அறையில் உட்கார்ந்து மைக்கில் தமிழில் சொல்வார். ஒரு பாகம் ஐம்பது நிமிடம். முடிந்ததும் கேசட்டை நிறுத்திவிட்டு சினிமாப் பாட்டு போடுவார்.

அன்று பாட்டு வரவில்லை. திரையில் வெள்ளைக் கோடுகள் ஓடின. பிறகு கலர் வந்தது. ஒரு பச்சை இரும்பு கேட், அதன் முன்னால் கூட்டம், தரையில் ஒரு மனிதர்.

டிவி பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டம்மா கேட்டார்: "ஏனுங்க டீச்சர், அந்த ஊர்லயும் தேயிலை ஃபேக்டரி இருக்குதுங்களா?"

அது எங்கள் ஃபேக்டரியின் கேட். கீழே கிடந்தவர் அதன் வாட்ச்மேன். திங்கட்கிழமை அடிபட்டு, செவ்வாய்க்கிழமை கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் செத்துப்போனவர். யார் அடித்தது என்று போலீஸ் கேட்டபோது, வெளியூர் ஆட்கள் என்று பஜாரே ஒரே குரலில் சொல்லியிருந்தது. இப்போது அவரை உதைத்துக்கொண்டிருந்த கால்களில் ஒரு ஜோடி என் மகனுடையது. மூன்று முறை உதைத்தான். நான் எண்ணினேன்.

அக்காவின் குரல் நிற்கவில்லை. குண்டு விழுந்த நகரத்தைப் பற்றி அதுவரை எந்தச் சுருதியில் பேசிக்கொண்டிருந்தாரோ அதே சுருதியில் சொன்னார்: "கீழ விழுந்தவரைப் பார்த்துட்டீங்க. உதைக்கிறவங்களையும் பார்த்துட்டீங்க. இப்ப ஓரத்தைப் பாருங்க."

*

ஓரத்தைப் பாருங்க. அவரை நினைத்தால் எனக்கு இந்த இரண்டு வார்த்தைதான் முதலில் வரும்.

ஐம்பதை நெருங்கிய, ஒல்லியான பெண். கணவர் கேபிள் தொழிலைத் தொடங்கிவைத்துவிட்டு, மேட்டுப்பாளையம் ரோட்டில் ஜீப் உருண்டு போய்ச் சேர்ந்தார். பதினைந்தாம் நாள் இந்த அம்மா ஏணியைத் தூக்கிக்கொண்டு கம்பத்தில் ஏறினார் என்று சொல்வார்கள். நான் பார்த்ததில்லை, ஆனால் நம்புவேன். மெரூன் கலர் ஸ்வெட்டர், முழங்கையில் கறுப்பு நூலில் தைத்த ஒட்டு, காதைச் சுற்றி ஸ்கார்ஃப், கன்னத்தில் எப்போதும் ஒரு கிராம்பு. அவருடைய அறை பேக்கரிக்கு மேலே. கீழே வர்க்கி வேகும்போது அறை முழுக்க நெய் வாசனை ஏறும். அந்த வாசனையில் உட்கார்ந்துதான் அவர் பிணக்குழிகளைப் பற்றிச் சொல்வார்.

தேயிலை விலை விழுந்த முதல் வருஷத்தில் மூடிப்போன எஸ்டேட் ஒன்றின் பங்களாவைக் காலி செய்தார்கள். மேஜை நாற்காலிக்கு அடித்துக்கொண்டது கூட்டம். அக்கா ஒரு அட்டைப்பெட்டி நிறைய வீடியோ கேசட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். சினிமா இருக்கும் என்று நினைத்துத்தான் எடுத்தாராம். வந்து போட்டுப் பார்த்தால் சண்டை. ராத்திரி முழுக்கப் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் என் ஸ்கூல் வாசலில் நின்றார்.

"டீச்சர், நீங்க சரித்திரம் எடுக்கறீங்கல்லங்க? எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் புரியலைங்க. உக்காந்து சொல்லிக் குடுப்பீங்களா?"

அப்படித்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது. சனிக்கிழமைகளில் போவேன். நான் அர்த்தம் சொல்ல, அவர் நோட்டில் எழுதிக்கொள்வார். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. பத்தொன்பது வருஷம் அந்தப் போரைப் பாடமாக நடத்தியவள் நான். காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஏழு, வரைபடத்தில் குறிக்க வேண்டிய இடங்கள் பத்து. ஆனால் அவர் கேட்டதெல்லாம் அந்தப் பட்டியல்களுக்கு வெளியே இருந்தது.

ஒரு காட்சி. ஏதோ ஒரு ஐரோப்பிய நகரத்துத் தெரு. கோட்டுப் போட்ட, கௌரவமான வயதான மனிதர்களை மண்டியிடவைத்து, கையில் பிரஷ்ஷைக் கொடுத்து ரோட்டைத் தேய்க்க விட்டிருக்கிறார்கள். சுற்றிக் கூட்டம் சிரிக்கிறது. இந்த மனிதர்கள் எந்த மதம், ஏன் இப்படி என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் கேசட்டை நிறுத்தினார். படம் நடுங்கிக்கொண்டு நின்றது.

"டீச்சர், இந்த ஓரத்துல ஒரு அம்மா நிக்குது பாருங்க. கையில பை. பையில கீரை மாதிரி ஏதோ தெரியுது. காய் வாங்க வந்த அம்மா. சிரிக்கவும் இல்ல, அழுகவும் இல்ல. இந்தம்மா பேர் என்னங்க?"

"பேரெல்லாம் யாருக்குத் தெரியும்க்கா."

"ஊட்டுக்குப் போயி அந்தக் கீரையை ஆக்கியிருக்கும்ல? புருஷங்காரன் சாப்பிட்டிருப்பான்ல?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ரீவைண்ட் செய்து மறுபடி பார்த்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கீரை ஆய்ந்தபோது எனக்குக் கை ஓடவில்லை. புத்தகத்தில் அந்த அம்மா கிடையாது. எந்தச் சரித்திர ஆசிரியரும் அவளை எழுதியிருக்க முடியாது. அவள் எதுவும் செய்யவில்லையே. படச்சுருள் மட்டும்தான், யாரும் கேட்காமலேயே, அவளையும் அவள் பையையும் எடுத்து வைத்திருந்தது.

பஜாரில் அவருக்கு ஹிட்லரக்கா என்று பெயர். கறிக்கடைக்காரர் அவர் போகும்போது விறைப்பாகக் கை நீட்டி சல்யூட் அடிப்பார். "அந்தாளைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொன்னது உண்டாடா?" என்று அக்கா திட்டுவார். உண்மைதான். அந்த மனிதர் மேடையில் ஏறிக் கையை ஆட்டிக் கத்தும்போதெல்லாம் அக்கா மைக்கில், "இவரைப் பத்திச் சொல்ல நிறையப் பேர் இருக்காங்க. நீங்க ஓரத்தைப் பாருங்க" என்பார். நாங்களும் பார்ப்போம். மேடைக்குப் பின்னால் ஒருவன் கொட்டாவி விடுவான். ஒருத்தி குழந்தையின் மூக்கைத் துடைப்பாள்.

முதலில் சினிமா போடச் சொல்லிச் சண்டைக்கு வந்தவர்கள், கொஞ்சம் கொஞ்சமாக இதற்குப் பழகிவிட்டார்கள். வேலையும் இல்லையே. ஃபேக்டரிகள் வாரத்தில் இரண்டு நாள் ஓடின. சில ஓடவே இல்லை. பறித்த இலையை வாங்க ஆளில்லாமல் ரோட்டோரத்தில் கொட்டினார்கள். அது கறுத்து, புளித்து, மழையில் ஓடி வடிகாலை அடைத்தது. ஊரே அந்த வாசனையில்தான் இருந்தது. ஆண்கள் பகலிலேயே வீட்டில் இருந்தார்கள், நாலு மணிக்கு உலகப்போர் பார்த்தார்கள்.

ஒருமுறை நான் சண்டை போட்டேன். குழியின் விளிம்பில் ஆட்களை வரிசையாக நிற்கவைத்துச் சுடும் காட்சியை வெட்டாமல் அப்படியே போட்டுவிட்டார்.

"குழந்தைங்க பார்க்கற நேரம்க்கா. கொஞ்சம் வெட்டியிருக்கலாம்ல?"

"சினிமாவுல ஒரே ஆளு நாப்பது பேரை வெட்டறான், மிக்சர் தின்னுட்டுப் பார்க்கறீங்க. அப்ப குழந்தைங்க கண்ணை மூடிட்டுதுங்களா?"

"அது பொய்யின்னு தெரியும். இது நிஜம்."

"அதனாலதான் வெட்டலைங்க." பிறகு, என்னை உட்காரவைத்து அதே காட்சியைப் போட்டார். "இந்தச் சிப்பாயைப் பாருங்க. சுடறதுக்கு முன்னாடி மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைக்கிறான். கோவத்துல இருக்கறவன் கண்ணாடி துடைப்பானா டீச்சர்? இவனுக்கு இது வேலைங்க. எனக்கு இதுதான் பயமா இருக்கு. அப்புறம் இன்னொண்ணு. இதைப் படம் புடிச்சவன் எங்க நின்னான்? அவனும் அங்கதானே நின்னான்? ஒரு கையாவது தடுத்துச்சா?"

அவருடைய இந்தக் குணம் எனக்குப் பிடித்திருந்ததா என்று கேட்டால், தெரியாது. அவரோடு ரோட்டில் நடந்தால்கூட ஒருவிதமான சங்கடம். பஸ்ஸில் கண்டக்டர் ஒரு கிழவரை வைதால், இவர் கண்டக்டரைப் பார்க்கமாட்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்ட எங்களைப் பார்ப்பார்.

*

திங்கட்கிழமையைச் சொல்லிவிட வேண்டும்.

ஞாயிறு சாயங்காலம் ஃபேக்டரியில் நோட்டீஸ் ஒட்டினார்கள், இனி இலை எடுக்கப்போவதில்லை என்று. திங்கள் காலை எட்டு மணிக்கெல்லாம் சுற்றுவட்டார விவசாயிகள் இலை மூட்டைகளோடு கேட்டுக்கு வந்துவிட்டார்கள். என் மகனுக்கு அப்போது இருபது வயது. காலேஜ் படிப்பு பாதியில் நின்று வீட்டில் இருந்தான். எங்களுக்கும் ஒரு ஏக்கர் தோட்டம் உண்டு. அவன் அப்பா போனபின் அதை அவன்தான் பார்த்தான். இரண்டு நாள் நனைந்து பறித்த இலை அவன் தலையில் இருந்தது.

அவன் போன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்கூலுக்கு ஒரு மணி நேரம் லேட்டாக வருவதாகச் சொல்லியனுப்பிவிட்டு, விடைத்தாள் பையோடும் குடையோடும் பின்னாலேயே போனேன். கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான்.

உள்ளே மேனேஜர் இல்லை. முதல் நாளே மலை இறங்கிப் போய்விட்டார். இருந்தது வாட்ச்மேன் ஒருத்தர்தான். சேரம்பாடிப் பக்கத்து எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டுக்காரர், வேலைக்காக இங்கே வந்தவர். சாவி தன்னிடம் இல்லை என்று கை கூப்பிச் சொன்னார். அவர் இடுப்பில் ஒரு சாவிக்கொத்து தொங்கியது. அது அவர் வீட்டுச் சாவியாம், டாய்லெட் சாவியாம், பிறகு சொன்னார்கள். அப்போது யாரும் கேட்கவில்லை. ஒருவன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான். இலை மூட்டையைத் தலையில் கவிழ்த்தார்கள். அழுகின இலைக்கு நடுவே அவர் விழுந்தார். பிறகு எல்லாக் கால்களும் ஒரே நேரத்தில் வந்தன. தராசுக் கம்பியை யாரோ கொண்டுவந்தார்கள். அது அவர் தோளில் பட்ட சத்தம் எனக்கு இன்றும் கேட்கிறது, பச்சை மரக்கிளை முறிவது மாதிரி.

நான் என் மகனைப் பார்த்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். பதினைந்து அடி தூரம். கூப்பிட்டால் அவன் பேர் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று ஒரு நினைப்பு ஓடியது. அந்தக் கூட்டத்தில் அவன் பேர் தெரியாதவர்கள் யாரும் இல்லை. ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கு அதுதான் தோன்றியது. குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு ஸ்கூலுக்குப் போய் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தேன்.

சாயங்காலம் நான் வீடு திரும்பியபோது மகன் தன் ஸ்வெட்டரைத் தானே துவைத்துக் காயப்போட்டிருந்தான். நான் அதைக் கொடியில் திருப்பிப் போட்டேன். நான் அங்கே இருந்தது அவனுக்குத் தெரியாது.

அன்று கேமராவோடு அக்காவும் அங்கே வந்திருந்தது எனக்குத் தெரியாது. லோக்கல் செய்திக்காகப் படம் எடுக்க வந்தவர், புது கேசட் இல்லாமல், போர்க் கேசட் ஒன்றின் கடைசியில் இருந்த காலி இடத்தில் எடுத்திருக்கிறார். கல்யாணத்திலிருந்து கருமாதி வரைக்கும் அப்படித்தான் அவர் வழக்கம், கேசட்டை வீணாக்கமாட்டார்.

*

வியாழக்கிழமை நான் பேக்கரிப் படியில் ஏறி ஓடியபோது அவர் கடைசி வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்: "இந்தப் படத்தை எடுத்தது நான்தானுங்க. ஏழு நிமிஷம் நின்னு எடுத்தேன்." மைக்கை அணைத்தார்.

"நிறுத்த மறந்துட்டீங்களாக்கா?" என்றேன். மூச்சு வாங்கியது. மறந்துவிட்டேன் என்று சொல்லிவிடுவார் என்று ஆசைப்பட்டேன்.

"மறக்கலைங்க டீச்சர்."

"என் பையன்க்கா. ஒரே பையன். உங்களுக்குத் தெரியாதா? அந்தத் துண்டை மட்டும் அழிச்சிருங்க. உங்க காலைப் புடிச்சுக்கறேன்."

அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "உக்காருங்க."

"அடிச்சது இருபது பேர். இவன் மட்டும்தான் படத்துல முகம் தெரியற மாதிரி நிக்கறான். கொலைக் கேஸ்க்கா." எனக்கு ஆத்திரம் வந்தது. "நீங்க மட்டும் என்ன பண்ணுனீங்க? கேமராவைத் தூக்கிட்டு நின்னீங்கல்ல? அதைக் கீழ போட்டுட்டு அவர் மேல விழுந்திருக்கலாம்ல? நீங்கதானே கேட்டீங்க, ஒரு கையாவது தடுத்துச்சான்னு?"

"ஆமாங்க. நின்னேன்." குரல் ஏறவில்லை. "மூணு நாளா அதைத்தான் போட்டுப் போட்டுப் பார்க்கறேன். படம் ஒரு இடத்துலகூட ஆடலைங்க டீச்சர். அவ்வளவு நல்லா எடுத்திருக்கேன். இதை அழிச்சா என்னையும்தானே அழிச்சுக்கறேன்? அது எனக்கு ரொம்ப சௌகரியம்."

படியில் பல கால்கள் ஏறி வரும் சத்தம் கேட்டது. கதவு திறந்தே இருந்தும் உதைத்துக்கொண்டு வந்தார்கள். ஐந்து பேர், நடுவில் என் மகன். முன்னால் வந்தவன் கையில் சைக்கிள் செயின்.

"கேசட்டை எடுடி."

அடுத்த நிமிடத்தை என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. அலமாரி கவிழ்ந்தது. கேசட்டுகளை மிதித்தார்கள், பிளாஸ்டிக் நொறுங்கி, பழுப்பு நாடா சுருள் சுருளாக வெளியே வந்தது. அத்தனை நாட்டுச் செத்தவர்களும் எங்கள் காலில் சுற்றிக்கொண்டார்கள். செயின் ஒருமுறை சுழன்று அக்காவின் காதுக்கு மேலே பட்டது. ஸ்கார்ஃபில் சிவப்பு ஊறியது. அவர் விழவில்லை. கேசட் ஓடிக்கொண்டிருந்த டெக்கின் மேல் குனிந்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது.

மகன் அப்போதுதான் என்னைப் பார்த்தான். "நீ எதுக்கும்மா இங்க வந்தே? கீழ போ."

"அவங்களை விடச் சொல்லு சாமி."

"போம்மா! இந்தப் பொம்பளை என்னை ஜெயிலுக்கு அனுப்பப் பார்க்குது. உனக்கு ஒண்ணும் தெரியாது."

அக்கா டெக்கை விடாமலேயே ஒரு விரலை நீட்டிப் பட்டனை அழுத்தினார். மேஜைமேல் இருந்த சின்ன டிவியில் படம் நின்று நடுங்கியது. "கண்ணு," என்றார் என் மகனிடம். வாயில் கிராம்போடுதான் பேசினார். "உன்னையப் பார்க்காதே. ஓரத்தைப் பாரு."

அவன் பார்த்தான். நானும் பார்த்தேன். வீட்டில் பார்த்தபோது என் கண் அவன் கால்களை விட்டு நகரவே இல்லை. இப்போதுதான் பார்த்தேன். படத்தின் இடது ஓரத்தில், ஒரு பெண். கறுப்புக் குடை, கையில் துணிப் பை. பையில் விடைத்தாள்கள் நனையாமல் இருக்க அதை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

அவன் என் பக்கம் திரும்ப நிறைய நேரம் எடுத்துக்கொண்டான்.

"நீ அங்கயாம்மா இருந்தே?"

நான் தலையசைத்தேன்.

"ஏம்மா கூப்பிடலை? ஒரு சத்தம் போட்டிருந்தா நான் வந்திருப்பேன்ல?"

இப்போதும் வாரத்தில் இரண்டு நாளாவது இந்தக் கேள்வியில்தான் விழிக்கிறேன். செயின் வைத்திருந்தவன், "என்னடா பேசிட்டு நிக்கறே" என்று டிவியை இழுத்துத் தரையில் அடித்தான். கண்ணாடி வெடித்தது. துண்டு ஒன்று என் கணுக்காலில் குத்தி நின்றது. சத்தம் கேட்டு பேக்கரிக்காரர்கள் ஓடிவர, நாலு பேரும் படியில் இறங்கி ஓடினார்கள். என் மகன் ஓடவில்லை. நாடாக் குவியலுக்கு நடுவில், கைகளைத் தொங்கவிட்டபடி நின்றான். அக்கா இன்னும் டெக்கின் மேல்தான் குனிந்திருந்தார். அவர் முகவாயிலிருந்து ரத்தம் அதன் மேல் சொட்டியது. அதில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே கேசட் முழுசாக இருந்தது.

"தம்பி," என்றார் அவனிடம். "எடுத்துக்கோ வேணும்னா. எனக்கு இனி புடிச்சு வெக்கத் தெம்பில்ல."

அவன் கையை நீட்டினான். டெக்கின் பக்கத்தில் வந்து நின்றது கை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்துவிடு என்று என் உடம்பு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. எடுக்காதே என்றும்.

அப்போது படியில் மறுபடி ஆள் வரும் சத்தம். போலீஸ் என்று நினைத்தேன். ஒரே ஒரு பெண், ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள். பேக்கரிக்காரர் ஒருத்தர் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார். வாட்ச்மேனின் சம்சாரம். ஃபேக்டரிக்குப் பின்னால் இருக்கும் வீட்டிலிருந்து செருப்பில்லாமல் நடந்து வந்திருக்கிறாள். உடைந்த கண்ணாடியைப் பார்த்தாள், அக்காவின் காதைப் பார்த்தாள். என் மகனை அவள் நேராகப் பார்த்தாள். அடையாளம் தெரிந்துதான் இருக்க வேண்டும், அரைமணி நேரம் முன்புதானே டிவியில் பார்த்தாள். ஆனாலும் அக்காவிடம்தான் பேசினாள்.

"உடைச்சுட்டாங்களாங்க? பரவால்லீங்க. படம் வேண்டாங்க, படம் பார்த்துட்டேன். கடைசியில அவரு வாய் அசைஞ்சுதுங்க, ஏதோ சொல்றாரு. நீங்க பேசிட்டு இருந்ததுல அது கேக்கலைங்க. கேசட்டுல இருக்கற அந்தச் சத்தம் மட்டும் வெச்சு விடுங்க."